130 மெகாபைட்டில் ஓர் இயங்குதளம்

விண்டோஸ் 11-ஐ நிறுவக் கணினியில் குறைந்தது 64 ஜிகாபைட் சேமிப்பிடம் இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் நிபந்தனை. ஆல்பைன் லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்துக்கு வட்டில் சுமார் 130 மெகாபைட் போதும். ஏறக்குறைய ஐந்நூறில் ஒரு பங்கு. விசைப்பலகையில் தட்டுவதை வாங்கிக்கொள்வது, கோப்புகளைச் சேமித்து வைப்பது, இணையத்தோடு பேசுவது, ஒரே நேரத்தில் பல நிரல்களை ஓட்டுவது எல்லாம் இரண்டுக்கும் பொது. அப்படியானால் மீதி இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது எது? எதையெல்லாம் எடுத்துவிட்டாலும் இயங்குதளம் இயங்குதளமாகவே இருக்கும்? எதை எடுத்தால் நின்றுபோகும்?

விடை காண நல்ல வழி, சிறிய இயங்குதளம் ஒன்றைக் கையால் நிறுவிப் பார்ப்பது. பெரிய இயங்குதளங்களின் நிறுவல் நிரல் திரையில் ஒரு பட்டையை நகர்த்திக் காட்டும். அந்தப் பட்டைக்குப் பின்னால் நடப்பது தெரியாது. ஆல்பைனில் ஒவ்வொரு படியும் கண்ணுக்குத் தெரியும். நத்தனயேல் கோப்பா 2005-ல் தொடங்கிய திட்டம் இது. ரவுட்டர், ஃபயர்வால் போன்ற சிறு வலையமைப்புப் பெட்டிகளை மனத்தில் வைத்து உருவானது. இன்று சர்வர்களில், நிரல்களைத் தனித்தனியே அடைத்து ஓட்டும் கன்டெய்னர்களுக்குள் பரவலாக ஓடுகிறது; பழைய கைப்பேசிகளை மறுபடி பயன்படுத்த உதவும் போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் இதன் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

இயங்குதளம் என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுவது உண்மையில் நான்கு அடுக்கு. அடியில் இருப்பது கெர்னல் எனப்படும் கருநிரல். செயலி, நினைவகம், வட்டு, வலையட்டை ஆகியவற்றை நேரடியாகத் தொடும் உரிமை அதற்கு மட்டுமே. மற்ற நிரல்கள் எதுவானாலும் கருநிரலிடம் கேட்டுத்தான் பெற வேண்டும். ஒரு கோப்பைத் திற, இத்தனை எழுத்தைப் படி, இந்த முகவரிக்கு இதை அனுப்பு என்று நிரல்கள் விடுக்கும் வேண்டுகோள்களுக்கு அமைப்பு அழைப்பு என்று பெயர். ஆல்பைனில் உள்ள கருநிரல், லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் வெளியிட்டு இன்றுவரை வளர்ந்துவரும் லினக்ஸ்.

அதற்கு மேலே சி நிரலகம். நிரல் எழுதுவோர் ஒவ்வொரு முறையும் அமைப்பு அழைப்பை அடியிலிருந்து எழுதிக்கொண்டிருக்க முடியாது. எல்லோருக்கும் தேவையான அடிப்படைச் செயல்களை ஒரே இடத்தில் தொகுத்து வைத்திருப்பதுதான் இந்த நிரலகம். பெரும்பாலான லினக்ஸ் வகைகள் ஜிலிப்சி என்ற பெரிய நிரலகத்தைப் பயன்படுத்துகின்றன. ஆல்பைன் 2014-ல் மஸ்ல் என்ற சிறிய நிரலகத்துக்கு மாறிவிட்டது. ரிச் ஃபெல்கர் எழுதி 2011-ல் வெளியிட்ட இது 1 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும்.

மூன்றாவது அடுக்கு, அன்றாடக் கருவிகள். கோப்புகளைப் பட்டியலிட ஒன்று, நகலெடுக்க ஒன்று, அழிக்க ஒன்று, ஓடும் நிரல்களைக் காட்ட ஒன்று என்று இவை நூற்றுக்கணக்கில் உண்டு. ஆல்பைனில் இவற்றில் பெரும்பாலானவை பிஸிபாக்ஸ் என்ற ஒரே நிரலின் பல முகங்கள். ஒரே பெண்ணைத் தம்பி அக்கா என்கிறான், அக்காள் மகன் சித்தி என்கிறான், அண்ணன் மகள் அத்தை என்கிறாள்; எந்தப் பெயரால் அழைக்கிறார்களோ அந்த உறவுக்குரிய வேலையை அவள் செய்கிறாள். பிஸிபாக்ஸும் அப்படித்தான். தொடங்கும்போது எந்தப் பெயரால் தன்னை அழைத்தார்கள் என்று பார்த்து, அதற்கேற்ற வேலையைச் செய்கிறது. கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை எங்கே இருக்கிறது என்று ஆல்பைனிலேயே தேடிப் பார்த்தால் இது உறுதியாகும். அந்தப் பெயரில் தனிக் கோப்பு இருக்காது. பிஸிபாக்ஸைச் சுட்டும் ஓர் இணைப்பு மட்டும் இருக்கும். நூற்றுக்கணக்கான கட்டளைகளுக்கும் பொதுவான பகுதிகள் ஒரே ஒருமுறை எழுதப்பட்டிருப்பதால் எல்லாம் சேர்ந்தும் 1 மெகாபைட்டைத் தாண்டுவதில்லை. புரூஸ் பெரன்ஸ் 1990-களின் நடுவில் டெபியன் என்ற லினக்ஸ் வகைக்காக இதை எழுதியபோது நோக்கம் ஒன்றுதான்: கணினியைத் தொடங்கவும் மீட்கவும் நிறுவவும் தேவையான அனைத்தும் ஒரே ஃப்ளாப்பியில் அடங்க வேண்டும்.

நான்காவது, தொடக்க நிரல். கருநிரல் விழித்ததும் இயக்கும் முதல் நிரல் இது. மற்ற நிரல்கள் எல்லாம் இதன் வழியாகவே பிறக்கின்றன.

இந்த நான்கும் இருந்தால் இயங்குதளம் உண்டு. சாளரங்கள், எழுத்துருக்கள், உலாவி, பல மொழிகளில் உதவிக் குறிப்புகள், ஆயிரக்கணக்கான கருவிகளுக்கான இயக்கிகள், பழைய நிரல்கள் தொடர்ந்து ஓடுவதற்கான ஏற்பாடுகள் ஆகியவைதான் பெரிய இயங்குதளங்களின் மீதி இடத்தை எடுத்துக்கொள்கின்றன. அவற்றை வீண் என்று தள்ளிவிட முடியாது. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்குத் தேவை. சிறிய இயங்குதளம் செய்வதெல்லாம், எது தேவை என்று முன்கூட்டியே முடிவுசெய்யாமல் அந்த முடிவைப் பயன்படுத்துபவரிடம் விட்டுவிடுவதுதான். அதைவிட முக்கியமான பலன் ஒன்றும் இதில் உண்டு. வட்டில் கிடக்கும் கோப்பு ஒவ்வொன்றும் ஏன் இருக்கிறது, யார் வைத்தது என்று கணக்குக் கேட்க முடிகிற அளவில் அமைப்பு இருக்கிறது.

கன்டெய்னர்களில் ஆல்பைன் 10 மெகாபைட்டுக்கும் குறைவாக இருப்பதற்கும் இந்த அடுக்குகளே காரணம். கன்டெய்னர் தனக்கென்று கருநிரல் வைத்துக்கொள்வதில்லை. தான் ஓடும் கணினியின் கருநிரலையே பயன்படுத்துகிறது. நான்கில் மிகப் பெரிய அடுக்கு அங்கே தேவைப்படாமல் போகிறது.

நிறுவலின் முதல் படி, இயங்குதளம் அடங்கிய பிம்பக் கோப்பைப் பதிவிறக்குவது. உடனே ஒரு கேள்வி எழ வேண்டும். வந்து சேர்ந்தது ஆல்பைன் குழு வெளியிட்ட அதே கோப்புதானா? வழியில் சிதைந்திருக்கலாம்; வேண்டுமென்றே யாராவது மாற்றியும் இருக்கலாம். இதற்குத்தான் பிம்பத்தின் பக்கத்திலேயே 64 எழுத்துகள் கொண்ட ஹாஷ் எனப்படும் சுருக்கக்குறி ஒன்று தரப்படுகிறது. எவ்வளவு பெரிய கோப்பையும் எடுத்துக்கொண்டு, எஸ்ஹெச்ஏ-256 என்ற கணக்குமுறை ஒரே நீளமுள்ள குறியைத் தரும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் குறியின் பிட்களில் ஏறக்குறைய பாதி மாறிவிடும். குறியிலிருந்து கோப்பை மீட்டெடுக்க முடியாது. ஒரே குறி வரும்படி வேறொரு கோப்பை உருவாக்கும் வழியையும் இதுவரை யாரும் கண்டறிந்து காட்டியதில்லை. பதிவிறக்கிய கோப்பின் குறியை வீட்டுக் கணினியிலேயே கணக்கிட்டு, வெளியிடப்பட்டதோடு ஒப்பிட்டால் சிதைவு இல்லை என்பது உறுதி.

ஆனால் சர்வருக்குள் நுழைந்த ஒருவர் பிம்பத்தையும் மாற்றி, பக்கத்திலுள்ள குறியையும் மாற்றிவிட்டால்? அதற்கு அடுத்த பாதுகாப்பு, மின்கையொப்பம். வெளியிடுபவரிடம் ஒரு மறைச்சாவி இருக்கிறது. அதற்கு இணையான பொதுச்சாவி எல்லோருக்கும் கிடைக்கும். மறைச்சாவியால் போட்ட கையொப்பத்தைப் பொதுச்சாவியால் சரிபார்க்கலாம். பொதுச்சாவியை வைத்துக்கொண்டு கையொப்பம் போட முடியாது. சர்வர் கைமாறினாலும் மறைச்சாவி கைமாறாத வரை போலியைப் பிடித்துவிடலாம். ஆல்பைனில் பின்னர் நிறுவப்படும் ஒவ்வொரு மென்பொருளும் இதே முறையில் சரிபார்க்கப்படுகிறது. பலர் தாண்டிப் போய்விடும் படி இது. மற்றப் படிகளின் நம்பகம் அனைத்தும் இதன் மேல்தான் நிற்கிறது என்பதால் தாண்டக் கூடாது.

பிம்பத்தை யுஎஸ்பி குச்சியில் சாதாரணக் கோப்பாக நகலெடுத்தால் கணினி அதிலிருந்து தொடங்காது. பிம்பத்தின் பைட்டுகளைக் குச்சியின் முதல் பைட்டிலிருந்து அப்படியே வரிசையாக எழுத வேண்டும். காரணம், மின்சாரம் வந்த கணத்தில் கணினிக்குக் கோப்பு என்ற கருத்தே ஏறக்குறைய கிடையாது. நினைவகம் வெறுமையாக இருக்கிறது. தாய்ப்பலகையில் ஒரு சில்லில் எழுதிவைத்த நிலைபொருள் மட்டும் ஓடத் தொடங்குகிறது. பழைய பயாஸ் வகை நிலைபொருள் வட்டின் முதல் 512 பைட்டை நினைவகத்தில் ஏற்றி, கடைசி இரண்டு பைட்டும் குறிப்பிட்ட மதிப்பில் இருக்கின்றனவா என்று பார்த்து, இருந்தால் அதை இயக்கிவிடும். அதற்கு மேல் எதுவும் அறியாது. அந்த 512-லும் நிரலுக்கு மிஞ்சுவது 446 பைட்தான். பாகப் பட்டியலுக்கு 64 போய்விடுகிறது. புதிய யுஇஎஃப்ஐ நிலைபொருள் கொஞ்சம் விவரமானது. ஃபேட் என்ற எளிய கோப்பு முறைமையைப் படிக்கத் தெரிந்தது. குறிப்பிட்ட அடைவில், குறிப்பிட்ட பெயரில் ஒரு நிரல் இருக்கிறதா என்று தேடி இயக்கும். இந்த நிரல்தான் பூட்லோடர் எனப்படும் தொடக்க ஏற்றி. கருநிரலைக் கண்டுபிடித்து நினைவகத்தில் வைத்து, கட்டுப்பாட்டை அதனிடம் ஒப்படைப்பதோடு இதன் வேலை முடிகிறது.

கருநிரல் விழித்ததும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. வட்டைப் படிக்க அதற்குரிய இயக்கி வேண்டும். இயக்கிகளோ வட்டில் இருக்கின்றன. எல்லா இயக்கிகளையும் கருநிரலுக்குள்ளேயே திணித்தால் அது அளவில்லாமல் பெருத்துவிடும். லினக்ஸ் இதற்குக் கண்ட வழி, கருநிரலோடு சேர்த்து ஒரு சிறிய தற்காலிகக் கோப்புத் தொகுதியையும் தொடக்க ஏற்றி நினைவகத்தில் வைத்துவிடுவது. இனிட்ராம்எஃப்எஸ் என்று பெயர். தொடக்கக் கோப்புத் தொகுதி எனலாம். தேவையான இயக்கிகளும் ஒரு சின்ன நிரலும் அதற்குள் இருக்கும். வட்டு கண்ணில் பட்டதும் உண்மையான கோப்பு முறைமைக்கு மாறிவிட்டுத் தற்காலிகத் தொகுதி விலகிக்கொள்ளும். இந்தச் சங்கிலி முழுவதையும் சரிபார்க்கலாம். கருநிரல் தான் செய்த ஒவ்வொன்றையும் நேர முத்திரையோடு குறித்துவைக்கிறது. டிமெசேஜ் என்ற கட்டளை அந்தக் குறிப்பைத் திரையில் கொட்டும். எந்த நொடியில் வட்டு கண்டறியப்பட்டது, எந்த இயக்கி ஏறியது, எது தோற்றது என்பதெல்லாம் அதில் இருக்கும்.

குச்சியிலிருந்து தொடங்கியதும் ஆல்பைன் உள்நுழையச் சொல்லும். ரூட் என்று தட்டினால் போதும், கடவுச்சொல் கேட்காது. ரூட் என்பவர் எல்லா அதிகாரமும் கொண்ட பயனர். இந்தக் கட்டத்தில் கணினியின் வட்டில் ஒரு பைட்டும் எழுதப்படவில்லை. ஆனாலும் முழு இயங்குதளம் ஓடிக்கொண்டிருக்கிறது, முழுவதும் நினைவகத்தில். தொடக்கக் கோப்புத் தொகுதியில் உள்ள நிரல், நினைவகத்தில் வெற்று அடைவு ஒன்றை உருவாக்கி, குச்சியில் உள்ள மென்பொருள் பொதிகளை அதற்குள் அந்தக் கணத்திலேயே நிறுவிவிடுகிறது. ஒவ்வொரு தொடக்கமும் ஒரு புதிய நிறுவல். இப்படியே பயன்படுத்தவும் வழி உண்டு. வட்டில்லா முறை என்று பெயர். மாற்றிய அமைப்புக் கோப்புகளை மட்டும் ஒரு சுருக்கக் கோப்பாகக் குச்சியில் எழுதிவைக்கச் சொல்லலாம். அடுத்த தொடக்கத்தில் பொதிகளோடு அதுவும் விரிந்து, பழைய நிலை திரும்பும். ரவுட்டர் போன்ற கருவிகளில் மின்தடை வந்தாலும் கோப்பு முறைமை கெடாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு.

நிறுவல் என்ற சொல்லுக்கு இங்கே தெளிவான பொருள் கிடைக்கிறது. சில கோப்புகளை, சரியான இடங்களில், சரியான உரிமைகளோடு வைப்பதும், நிலைபொருள் தேடும் இடத்தில் ஒரு தொடக்க ஏற்றியை வைப்பதும்தான் நிறுவல்.

வட்டில் நிறுவ, செட்டப்-ஆல்பைன் என்ற கட்டளை. அது சில கேள்விகள் கேட்கும். அந்தக் கட்டளையே சாதாரண உரைக் கோப்பாக எழுதப்பட்ட ஷெல் நிரல்தான். தொகுப்பியால் மாற்றப்பட்ட இருமக் கோப்பு கிடையாது. திறந்து படித்தால், ஒவ்வொரு பதிலும் எந்தக் கோப்பில் என்ன வரியாக மாறுகிறது என்று தெரிந்துவிடும். ஐயம் வரும் இடத்தில் கையேட்டைவிட இதுவே நம்பத்தக்க சான்று.

விசைப்பலகை அமைப்பு, கணினிக்கு ஒரு பெயர் ஆகியவை எளியவை. இந்தியாவில் விற்கும் விசைப்பலகைகளில் பெரும்பாலானவை அமெரிக்க அமைப்பு கொண்டவை என்பதால் யுஎஸ் என்று கொடுக்கலாம். அடுத்து வலையமைப்பு. கம்பி இணைப்பானால், டிஹெச்சிபி என்று பதில் சொன்னால் போதும்: கணினி வலையில் எனக்கு ஒரு முகவரி கொடுங்கள் என்று கூவும்; வீட்டு ரவுட்டர் ஓர் எண்முகவரியைக் குறிப்பிட்ட காலத்துக்குத் தரும். கம்பியில்லா இணைப்பில் இன்னொரு தடங்கல் வரலாம். பல வைஃபை சில்லுகளுக்குத் தயாரிப்பாளர் தரும் நிலைபொருள் கோப்பு வேண்டும். அவற்றின் மூலநிரல் பெரும்பாலும் வெளியிடப்படுவதில்லை. திறமூல இயங்குதளத்துக்குள் திறக்கப்படாத துண்டு ஒன்று உட்கார்ந்துகொள்கிறது. நிலைபொருள் கோப்புகள் எல்லாவற்றையும் சேர்த்தால் இயங்குதளத்தைவிடப் பல மடங்கு பெரிதாகிவிடும். அதனால் ஆல்பைன் அவற்றைத் தயாரிப்பாளர் வாரியாகப் பிரித்து வைத்திருக்கிறது. வேண்டியதை மட்டும் எடுக்கலாம். மெய்நிகர் கணினியில் நிறுவுவோருக்கு இவை எதுவும் வேண்டாம். அதற்கென்றே சிறிய கருநிரல் கொண்ட தனிப் பிம்பம் கிடைக்கிறது.

ரூட்டுக்குக் கடவுச்சொல் கேட்கும்போது, அதை இயங்குதளம் எங்கும் எழுதிவைப்பதில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சுருக்கக்குறியின் ஒருவழித் தன்மை இங்கே மறுபடி உதவுகிறது. கடவுச்சொல்லோடு உப்பு எனப்படும் தற்செயல் எழுத்துகளைச் சேர்த்து, குறியாக மாற்றி, ஷேடோ என்ற கோப்பில் வைக்கிறது. உள்நுழையும்போது தட்டியதை அதே முறையில் மாற்றி, இரண்டு குறியும் ஒத்துப்போகின்றனவா என்று மட்டும் பார்க்கிறது. உப்பு சேர்ப்பதால், இருவர் ஒரே கடவுச்சொல் வைத்திருந்தாலும் குறிகள் வெவ்வேறாக இருக்கும். கோப்பு கசிந்தாலும், இருவருடையதும் ஒன்றே என்பது குறிகளைப் பார்த்துத் தெரியாது.

நேர மண்டலத்துக்கு ஆசியா, அதன் கீழ் கொல்கத்தா. கருநிரலுக்குள் நேரம் 1970 தொடக்கத்திலிருந்து கடந்த நொடிகளின் எண்ணிக்கையாக மட்டுமே ஓடுகிறது. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் காட்டுவது காட்சிக்காக. அடுத்து, இணையத்தின் வழியே கடிகாரத்தைச் சரிசெய்யும் சேவை எது வேண்டும் என்று கேட்கும். சின்ன விஷயம்போல் தோன்றும். ஆனால் பாதுகாப்பான வலைத்தளங்களின் சான்றிதழ்கள் இந்த நாள் முதல் இந்த நாள் வரை என்ற வரம்போடு வருகின்றன. கணினியின் கடிகாரம் பல ஆண்டு பின்தங்கியிருந்தால் எந்தச் சான்றிதழும் செல்லாது, பல இணைப்புகள் காரணம் புரியாமல் தோற்கும். ராஸ்பெரி பை 4 வரையிலான பலகைகளில் மின்கலக் கடிகாரம் கிடையாது என்பதால் அங்கே இந்தக் கேள்வியின் கனம் கூடுதல்.

பொதிகளை எந்தச் சர்வரிலிருந்து எடுப்பது, ரூட் அல்லாத சாதாரணப் பயனர் ஒருவரை உருவாக்கலாமா, தொலைவிலிருந்து நுழைய எஸ்எஸ்ஹெச் சேவை வேண்டுமா ஆகியவை அடுத்தடுத்து வரும். சாதாரணப் பயனரை உருவாக்கிக்கொள்வது நல்லது. எல்லா அதிகாரமும் கொண்ட கணக்கில் அன்றாட வேலை செய்தால், தவறாகத் தட்டிய ஒரு கட்டளையைத் தடுக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

கடைசிக் கேள்விதான் திரும்பி வர முடியாதது: எந்த வட்டு, எந்த முறை. சிஸ் என்று பதில் சொன்னால் வழக்கமான நிறுவல். அந்த வட்டில் இருந்தவை போய்விடும். வட்டின் பெயரையும் கொள்ளளவையும் இருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. வட்டு முதலில் பாகங்களாகப் பிரிக்கப்படுகிறது. யுஇஎஃப்ஐ கணினியில் நிலைபொருள் படிக்கத்தக்க சிறிய ஃபேட் பாகம் ஒன்று, நினைவகம் நிரம்பும்போது தற்காலிகமாக ஒதுக்கிவைக்க ஸ்வாப் பாகம் ஒன்று, மீதியெல்லாம் இயங்குதளத்துக்கு. பழைய பாகப் பட்டியல் முறையில் 4 முதன்மைப் பாகங்களுக்குத்தான் இடம்; வட்டின் துண்டுகளை எண்ண 32 பிட் மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்ததால் சுமார் 2 டெராபைட்டுக்கு மேல் எட்டாது. ஜிபிடி என்ற புதிய முறை 64 பிட் எண்களைப் பயன்படுத்துகிறது, வழக்கமாக 128 பாகங்களுக்கு இடம் தருகிறது.

இயங்குதளத்தின் பாகத்தில் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை உருவாகும். ஒரு டெராபைட் வட்டானாலும் சில நொடிகளில் முடிந்துவிடும். வட்டு முழுவதையும் அது துடைப்பதில்லை. எந்தக் கோப்பு எங்கே என்று கணக்கு வைக்கும் அட்டவணைகளை மட்டும் எழுதுகிறது. பழைய தரவின் பைட்டுகள் அதே இடத்தில் கிடக்கலாம், அவற்றைச் சுட்டும் கணக்கு மட்டும் இல்லை. கணினியை விற்பதற்கு முன் இப்படிப் புதிதாக நிறுவிவிட்டால் பழைய ஆவணங்கள் அழிந்துவிட்டன என்று எண்ணுவது தவறு.

பிறகு பொதிகள் வட்டுக்குள் விரிக்கப்படும், தொடக்க ஏற்றி தன் இடத்தில் வைக்கப்படும், எந்தப் பாகம் எந்த அடைவில் இணைய வேண்டும் என்ற பட்டியல் எழுதப்படும். அந்தப் பட்டியலில் வட்டின் பெயருக்குப் பதிலாக நீளமான அடையாள எண் இருக்கும். கருநிரல் வட்டுகளைக் கண்ட வரிசையில் பெயரிடுகிறது. இன்று முதலில் கண்டதை நாளை இரண்டாவதாகக் காணலாம். கோப்பு முறைமை உருவானபோது அதற்குள் எழுதப்பட்ட எண்ணோ மாறாது. நல்ல இணைய இணைப்பும் கொஞ்சம் பழக்கமும் இருந்தால் இவ்வளவும் சில நிமிட வேலை.

குச்சியை எடுத்துவிட்டு மறுபடி தொடங்கினால் கரும்பின்னணியில் ஒரு வரி: உள்நுழைக. நுழைந்து, ஓடும் நிரல்களைப் பட்டியலிட்டுப் பார்க்கலாம். சதுர அடைப்புக்குறிக்குள் வருபவை கருநிரலின் சொந்த வேலையாட்கள். அவற்றைத் தள்ளிவிட்டால் ஒரே திரையில் எண்ணிவிடும் அளவுக்குத்தான் நிரல்கள் இருக்கும். எண் 1 என்ற இடத்தில் தொடக்க நிரல். அது ஓப்பன்ஆர்சி என்ற சேவை மேலாளரை அழைக்கிறது. அந்த மேலாளர் மூன்று கட்டங்களாகச் சேவைகளை ஒவ்வொன்றாக எழுப்புகிறது: முதலில் வன்பொருள், பிறகு கோப்பு முறைமையும் கடிகாரமும், கடைசியாக எஸ்எஸ்ஹெச் போன்றவை. எந்தச் சேவை எந்தக் கட்டத்தில் என்பது அடைவுகளில் உள்ள இணைப்புகளாகவே இருக்கிறது. ஒரு சேவையைத் தொடக்கத்தில் எழ வைப்பது என்றால் ஓர் இணைப்பைச் சேர்ப்பது.

இனிமேல் எது சேர்ந்தாலும் ஏபிகே என்ற பொதி மேலாளர் வழியாக வரும். ஆண்ட்ராய்டு செயலிகளின் ஏபிகே கோப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. நானோ என்ற உரைத்தொகுப்பான் வேண்டும் என்றால், அது சார்ந்திருக்கும் நிரலகங்களையும் கண்டறிந்து சேர்த்தே கொண்டுவரும். நீக்கச் சொன்னால், வேறு யாருக்கும் தேவைப்படாத அந்த நிரலகங்களையும் நீக்கிவிடும். இதன் மையத்தில் வேர்ல்ட் என்ற சின்ன உரைக் கோப்பு. பயனர் வெளிப்படையாகக் கேட்ட பொதிகளின் பெயர் மட்டும் அதில் இருக்கும். இருக்க வேண்டியவை இவை என்று அந்தக் கோப்பு சொல்கிறது. அதற்கு ஏற்றபடி வட்டை மாற்றுவது ஏபிகேயின் வேலை. எந்தக் கோப்பையும் காட்டி, இது எந்தப் பொதியிலிருந்து வந்தது என்று கேட்கலாம். நிறுவியபின் எந்தெந்தக் கோப்புகள் மாறியிருக்கின்றன என்று தணிக்கை செய்யச் சொல்லலாம். கோப்பு ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு என்பது வெறும் பேச்சு இல்லை என்பதற்கு இந்த இரண்டு கட்டளைகளே சாட்சி.

தமிழ்ப் பயனர் ஒருவர் இந்தக் கட்டத்தில் தமிழில் பெயரிட்ட கோப்பு ஒன்றை உருவாக்கினால், கருநிரல் மறுக்காமல் ஏற்கும். அதற்குப் பெயர் என்பது பைட்டுகளின் வரிசை மட்டுமே. யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுப்பதால், எக்ஸ்ட்4-ன் 255 பைட் வரம்புக்குள் 85 தமிழ்க் குறிகள் அடங்கும், ஆங்கிலத்துக்கு 255. ஆனால் கருந்திரையில் அந்தப் பெயர் தமிழாகத் தெரியாது. லினக்ஸின் உரைத்திரை அதிகபட்சம் 512 வடிவங்களைத்தான் வைத்திருக்கும். ஒரு குறிக்கு ஒரு கட்டம் என்று வரிசையாக வைக்க மட்டுமே தெரியும். கொ என்பதில் மெய்க்கு முன்னும் பின்னும் குறி நிற்க வேண்டும் என்பது அதற்கு எட்டாது. வேறொரு கணினியிலிருந்து, தமிழ் எழுத்துரு உள்ள முனையத்தின் வழியே எஸ்எஸ்ஹெச் மூலம் நுழைந்தால் அதே பெயர் தமிழில் தெரியும். கோப்பு மாறவில்லை; எழுத்தைக் கோக்கத் தெரிந்த நிரல் மறுமுனையில் இருக்கிறது. ஆல்பைனிலேயே தமிழ் வேண்டுமென்றால் வரைகலைச் சூழலையும் எழுத்துருவையும் சேர்க்க வேண்டும். 130 மெகாபைட்டுக்கு வெளியே போன பொருள்களில் தமிழும் ஒன்று என்பதை மறைப்பதில் பயனில்லை.

சிறிய அளவுக்கு வேறு விலைகளும் உண்டு. மூலநிரல் இல்லாமல் ஜிலிப்சிக்காகவே தொகுக்கப்பட்டு வரும் வணிக மென்பொருள்கள் பல, மஸ்ல் உள்ள கணினியில் அப்படியே ஓடாது. பெரிய பதில்களைப் பெறத் தேவையான ஒருவகைப் பெயர்த் தேடல், அதாவது டிசிபி வழியே டிஎன்எஸ் கேட்பது, மஸ்லில் 2023 வரை இல்லை. சில வலையமைப்புகளில் முகவரிகள் கிடைக்காமல் போனதற்கு அது காரணமாயிற்று.

சிறியது என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடுமா? 2024 மார்ச் 29 அன்று, ஆன்ட்ரெஸ் ஃப்ராய்ன்ட் என்ற மென்பொறியாளர் எக்ஸ்இசட் என்ற சுருக்க மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு ரகசியக் கதவு இருப்பதை வெளியிட்டார். எஸ்எஸ்ஹெச் உள்நுழைவு வழக்கத்தைவிட அரை நொடியளவு தாமதமாவதைக் கவனித்து, காரணத்தைத் துருவிப்போனதில் கிடைத்த கண்டுபிடிப்பு அது. பல ஆண்டுகளாக நம்பிக்கையைச் சம்பாதித்துப் பராமரிப்பாளரான ஒருவர் அதை வைத்திருந்தார். சுருக்க மென்பொருளுக்கும் உள்நுழைவுக்கும் என்ன தொடர்பு? சில லினக்ஸ் வகைகள் எஸ்எஸ்ஹெச் சேவையை சிஸ்டம்டி என்ற மேலாளரின் நிரலகத்தோடு பிணைத்திருந்தன. அந்த நிரலகம் எக்ஸ்இசட்டின் நிரலகத்தை இழுத்துவந்தது. ஆல்பைனில் சிஸ்டம்டி இல்லை. அந்தச் சங்கிலியும் இல்லை. சார்புகள் குறைந்தால் ஆபத்து நுழையும் வழிகளும் குறைகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

எதிர்த் திசையிலும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. ஆல்பைனின் அதிகாரபூர்வக் கன்டெய்னர் பிம்பங்களில், 3.3 பதிப்பு முதல், ரூட்டின் கடவுச்சொல் இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது 2019-ல் வெளியானது. பல ஆண்டுகள், எண்ணற்ற கணினிகளில், ஷேடோ கோப்பின் ஒரு வரி அப்படியே கிடந்தது. யார் வேண்டுமானாலும் படித்திருக்கலாம். சிறியதும் திறந்ததுமான அமைப்பு, பார்ப்பதைச் சாத்தியமாக்கும். யாராவது உட்கார்ந்து பார்த்தால்தான் பிழை பிடிபடும்.

நிறுவியபின் எஞ்சுவது பராமரிப்பு. ஆல்பைன் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிலையான வெளியீட்டைத் தருகிறது. அடிப்படைப் பொதிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் சுமார் இரண்டு ஆண்டுகள் வரும். ஒரே வெளியீட்டுக்குள் இருக்கும் வரை, பொதிப் பட்டியலைப் புதுப்பித்து மேம்படுத்தும் இரண்டு கட்டளைகள் போதும். அடுத்த வெளியீட்டுக்குப் போக, களஞ்சிய முகவரிகள் உள்ள உரைக் கோப்பில் பதிப்பு எண்ணை மாற்றிவிட்டு அதே இரண்டு கட்டளைகளை இயக்க வேண்டும். பயனர் கைவைத்த அமைப்புக் கோப்பின் மேல் ஏபிகே எழுதுவதில்லை. புதியதை அதன் பக்கத்திலேயே வேறு பெயரில் வைத்துவிடும். இரண்டையும் ஒப்பிட்டு, வேண்டிய வரிகளைச் சேர்த்துக்கொள்வது பயனரின் பொறுப்பு. கருநிரல் மாறியிருந்தால் மட்டும் கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.